விலையில்லா விமானத்துக்குக் காத்திருப்போர்



வானில் ஒருபோதும் எழாத விமானம் ஒன்றுக்காக ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் மனிதர் உலகில் உளர் என்றால் நீங்கள் வியப்படையக்கூடும். அவ்விமானத்துக்குப் பயணச்சீட்டு இல்லை; விலையும் இல்லை; எந்த விமான நிலையத்திலும் அது வந்து இறங்கப்போவதில்லை. கணினித் திரையிலேதான் அது பறக்கும். ஆயினும், அது எப்பொழுது வரும், எப்பொழுது வரும் என்று பல நாடுகளிலும் உள்ள ஆர்வலர் ஒருவரையொருவர் வினாவிக்கொண்டிருக்கின்றனர். அவர்களுட் பாடசாலை மாணவர் உளர். பல தொழில்களில் ஈடுபட்டோர் உளர். ஒரு காலத்தில் உண்மை விமானத்தையே செலுத்தி ஓய்வு பெற்ற முதியோரும் உளர். இவர்கள் காத்திருப்பது எதற்காக, அக்காத்திருத்தலில் நாம் சிந்திக்கத்தக்கது யாது என்பனவற்றை இன்று சற்று நோக்குவோம்.

தரையிலிருந்தபடியே பறக்கப் பயிலலாம் என்னும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவிலே எட்வின் லிங்க் என்பவர் 1929 ஆம் ஆண்டில் அதற்கென ஒரு கருவியை உருவாக்கினார். அவருடைய குடும்பத்தார் ஓகன் எனப்படும் இசைக்கருவிகளைச் செய்யும் தொழிற்சாலையை நடத்தியவர்கள். அவ்விசைக்கருவிகளுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே, சிறு விமானம்போல் அமைந்த பெட்டியொன்று முன்னும் பின்னும் பக்கமும் சாயுமாறு அவர் செய்தார். தொடக்கத்தில் அதனைக் கேளிக்கைப் பொருளாகவே பலர் மதித்தனர். 1934 ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவ விமானிகள் தபாற்பொதிகளைக் கொண்டுசெல்லும் பணியை ஏற்றுக் கொடிய காலநிலையிலே பறந்தபோது பலர் மாண்டனர். மேகத்தினூடே கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி அவர்களுக்குப் போதாதிருந்தது. அதன் பின்னரே இராணுவம் லிங்க் அமைத்த கருவிகளில் ஆறை வாங்கிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இலட்சக்கணக்கான விமானிகள் அப்பெட்டியுள் அமர்ந்தே கருவிப் பறப்பின் முதற்பாடத்தைக் கற்றனர். விளையாட்டுக்கும் வித்தைக்கும் இடையேயுள்ள தூரம் எவ்வளவு சிறிது என்பதற்கு இஃது ஒரு சான்று.

பிற்காலத்தில் துருத்தியின் இடத்தைக் கணினி பெற்றது. இலினோய் பல்கலைக்கழகத்திலே பயின்ற புரூஸ் ஆர்ற்விக் என்பவர், விமானி காணும் காட்சியைச் சிறு கணினியிற் கோடுகளாக வரைந்து காட்டலாம் என ஆராய்ந்து, அம்முயற்சியை வீட்டுக் கணினிகளுக்கு உரியதாக வளர்த்தார். அதன் வழிவந்த 'மைக்ரோசொப்ட் பிளைற் சிமுலேற்றர்' 1982 ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிமுலேற்றர் என்பது ஒன்றைப் போலச் செய்து காட்டும் கருவி. அச்சிமுலேற்றரை இயக்கியவர்கள் சிக்காகோ நகரின் ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் என்னும் சிறு விமான நிலையத்திலிருந்தே தம் முதற் பறப்பைத் தொடங்கினர். 2003 மார்ச் மாதத்து இரவொன்றில் நகர முதல்வரின் ஆணைப்படி அந்நிலையத்தின் ஓடுபாதை இயந்திரங்களினாற் கிண்டி அழிக்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் விமானம் எதுவும் இறங்க முடியாது. ஆயினும், சிமுலேற்றரின் பழைய பதிப்பை வைத்திருப்பவர் இன்றும் அங்கே இறங்கலாம். மறைந்துபோன ஒன்றைக் கைக்கு எட்டும் நிலையில் வைத்திருக்கும் ஆற்றல் இக்கருவிக்கு உண்டு என்பதை ஆர்வலர் அன்று உணர்ந்தனர்.

இவ்வாற்றலைப் பழைய பயணிகள் விமானங்களிடத்துப் பயன்படுத்துவோரைப் பற்றியே நாம் பேசுகின்றோம். சிமுலேற்றரை வெளியிடும் நிறுவனங்கள் தற்காலத்து விமானங்கள் சிலவற்றையும் புகழ்பெற்ற பழையன சிலவற்றையும் அதனோடு சேர்த்து வழங்குகின்றன. வேறு நிறுவனங்கள் விலைக்கு விற்கின்றன. இவ்விரு வழியாலும் கிடைக்காத விமானங்களோ பல. அவற்றை ஆக்குவோர் பெரும்பாலும் தனி மனிதர், அல்லது மூவர் நால்வர் சேர்ந்த சிறு குழுவினர். பகலில் தத்தம் தொழிலைப் பார்த்து, இரவிலும் விடுமுறையிலும் இவ்வேலையைச் செய்வர். முடிந்தபின் வேண்டுவோர் யாவரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விலையின்றி வழங்கிவிடுவர். இஃது ஒரு கொடை.

இக்கொடை ஏன் இவ்வளவு தாமதிக்கின்றது என்பதை அறிய ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். உலகின் முதலாவது தாரைப் பயணிகள் விமானமாகிய கொமெற், இங்கிலாந்தின் டி ஹவிலண்ட் நிறுவனத்தார் ஆக்கியது. 1949 ஜூலை 27 ஆம் நாள் முதன்முதல் வானில் எழுந்தது. 1952 மே 2 ஆம் நாள், பி. ஓ. ஏ. சி. நிறுவனத்தின் கொமெற் இலண்டனிலிருந்து பயணிகளுடன் தென்னாபிரிக்காவின் ஜொகானஸ்பேர்க் நகருக்குப் புறப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கொமெற் சேவை நமது கொழும்புக்கும் தொடங்கியது. ஆம், நேயர்களே, உலகிலே தாரை விமானத்தின் பயணிகள் சேவையை முதன்முதற் கண்ட நகரங்களுட் கொழும்பும் ஒன்று.

அவ்விமானத்தைக் கணினியில் ஆக்கப் புகுந்த ஒருவர் முதலில் அதன் உருவத்தை அறிதல் வேண்டும். இங்கிலாந்தின் கொஸ்போட்டிலுள்ள விமானப்படை நூதனசாலைக்குச் சென்றால் முதல்வகைக் கொமெற் ஒன்றைக் காணலாம். அதனை அளந்து, படம் பிடித்து, அவ்வாறே வரைந்தால் போதுமே என எண்ணத் தோன்றும். போதாது. அங்குள்ள விமானம் பிற்காலத்தில் உடற்பகுதி வலுவூட்டப்பெற்றது. அதன் யன்னல்கள் நீள்வட்டமானவை. 1952 இற் கொழும்புக்கு வந்த கொமெற்றின் யன்னல்களோ சதுரமானவை. சதுர யன்னல்களையுடைய உடற்பகுதி ஒன்று, இலண்டனுக்கு வடக்கேயுள்ள டி ஹவிலண்ட் நூதனசாலையிற் பேணப்படுகின்றது. இவ்வேறுபாட்டை அறியாது விரைந்து ஆக்கியவர், கொமெற்றின் கதையையே பிழையாகச் சொல்லியவராவார். ஏனெனில், அவ்விமானத்தின் வரலாறு முழுவதும் அந்த உடற்பகுதியின் திறப்புகளின் மூலையிலேதான் தங்கியுள்ளது.

1954 ஜனவரி 10 ஆம் நாள் எல்பா தீவருகே ஒரு கொமெற் வானிற் சிதறி வீழ்ந்து 35 பேர் மாண்டனர். ஏப்பிரல் 8 ஆம் நாள் இத்தாலிக்கு அண்மையில் மற்றொன்று வீழ்ந்து 21 பேர் மாண்டனர். அத்துடன் கொமெற்றின் பறப்புரிமை நீக்கப்பட்டது. காரணத்தை அறியப் பான்பரோவிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தார் கொமெற் ஒன்றின் உடலைப் பெருந் தொட்டியொன்றில் வைத்து, நீரை நிரப்பி, பறப்பில் நேரும் அமுக்கத்தை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கினர். அவ்வுடல் வானிற் பறந்தவை 1,221 பறப்புகள். தொட்டியுள் இருந்தபடியே 'பறந்தவை' 1,836. மொத்தம் 3,057 ஆனபோது உலோகம் களைத்துப் பிளந்தது. பிளவு ஒரு திறப்பின் மூலையிலே தொடங்கியிருந்தது. ஒளிபுகும் பிளாஸ்ரிக்கினாற் கொமெற்றின் சிறு மாதிரி ஒன்றைச் செய்து, அதனுள் சிறு ஆசனங்களையும் பாவைகளையும் வைத்து, அமுக்கம் திடீரென வெளியேறினால் உள்ளே நிகழ்வது யாது என்பதையும் அவர்கள் படம் பிடித்தனர். வானில் நிகழ்ந்த மரணத்தின் காரணத்தைத் தரையில் நிகழ்ந்த பாவனைப் பறப்பே காட்டிக்கொடுத்தது. அதனால் இலாபம் அடைந்தது பின்வந்த விமானங்கள் அனைத்தும். மாதிரி செய்தல் சிறுபிள்ளை வேலை என்று எண்ணுவோர் இதனை நினைத்துப் பார்த்தல் நன்று.

உருவத்துக்கு அடுத்தது இயல்பு. முதல்வகைக் கொமெற்றுக்கு ஒரு குணம் இருந்தது. ஓடுபாதையில் விரையும்போது விமானி அதன் மூக்கைச் சிறிது மிகையாக உயர்த்திவிட்டால், அது மேலெழாது. வேகம் கூடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். 1952 ஒக்டோபரில் உரோமாபுரியில் இவ்வாறு ஒரு கொமெற் ஓடுபாதையைக் கடந்து சேதமடைந்தது. 1953 மார்ச்சிற் கராச்சியில் மற்றொன்று அவ்வாறே முறிந்து, அதிலிருந்த 11 பேரும் மாண்டனர். விமானியின் தவறு என்றே முதலிற் கூறப்பட்டது. பின்னரோ இறக்கையின் முன்விளிம்பின் வடிவமே மாற்றப்பட்டது. மேலும், அதன் கோஸ்ற் எஞ்சின்கள் நான்கும் மிக உயரத்திலேதான் சிக்கனமாக இயங்கின. தாழப் பறக்கும்போது எரிபொருளை வாரிக் குடித்தன. ஆதலால் இறங்குமிடத்தை அடைந்தபின் வானிற் சுற்றிக்கொண்டு நெடுநேரம் காத்திருக்க அவ்விமானத்தால் இயலாது. எப்பொழுது இறங்கத் தொடங்குவது என்பதைத் தொலைவிலிருந்தே கணித்தல் வேண்டும்.

இவை யாவும் கணினியிலுள்ள விமானத்தில் அமைதல் வேண்டும் அன்றோ? அமையாவிடில் அது கொமெற்றின் தோலைப் போர்த்த வேறொரு விமானம். இறக்கை தரும் தூக்குவிசை இவ்வளவு, இழுவை இவ்வளவு, எரிபொருள் இவ்வுயரத்தில் இவ்வளவு என்று எண்களைத் தேடிப் பதித்து, பறந்து பார்த்து, பழைய கைநூலோடு ஒப்பிட்டு, மீண்டும் திருத்தல் வேண்டும். விமானி அறையில் இன்று காணப்படாத பறப்புப் பொறியியலாளர் ஒருவர் அன்று இருந்தார். அவருக்கெனத் தனிப் பலகை இருந்தது. அதிலுள்ள ஆளிகளும் அளவு காட்டிகளும் ஒவ்வொன்றும் எதற்காக என அறிந்து அமைத்தல் வேண்டும். எஞ்சினின் ஓசைக்குப் பழைய படச்சுருள்களையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது. இன்று வானிற் பறக்கும் கொமெற் ஒன்றேனும் இல்லை.

இத்துணை வேலையையும் ஊதியமின்றிச் செய்பவரிடந்தான், 'எப்பொழுது வரும்?' என்னும் வினா விடுக்கப்படுகின்றது. ஒரு படம் வெளியிட்டால் மறுநாளே அவ்வினா. இறக்கை முடிந்தது என்றால் அவ்வினா. சில திங்கள் அவர் மௌனமாயிருந்தால், முயற்சி கைவிடப்பட்டதோ என்னும் ஐயமும் அதனோடு சேரும். ஆக்குவோர் வழக்கமாகக் கூறும் விடை ஒன்றே: ஆயத்தமானபொழுது வரும். இவ்விடையைக் கேட்டுச் சிலர் சினப்பர். ஆயின், ஊதியம் கொடுத்தவனுக்கே தவணை கேட்கும் உரிமை உண்டு. கொடைக்குத் தவணை இல்லை. வேலைப் பளுவினாலும் நோயினாலும் குடும்பக் கடமையினாலும் தாமதித்த ஒருவரை வசைமொழி கூறித் துரத்திவிட்டால் இழப்பு வசை கூறியவருக்கு மட்டுமன்று, வாயடக்கிக் காத்திருந்த எல்லோருக்குமாம். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுத்தல் வேண்டும் என்பது நமது அடுக்களையிற் பிறந்த அறிவு. பாடசாலையில் நெடுங்காலம் பணியாற்றிய எவரும் இதன் உண்மையை அறிவர். விரைந்து ஒப்புவித்த பாடம் விரைந்தே மறக்கும்.

தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்றும் ஒரு பழமொழி நம்மிடையே உண்டு. இங்கு மட்டும் அதனைச் சற்று மாற்றிக் கொள்ளுதல் வேண்டும். கணினி விமானத்தை ஆக்குபவர் தம் மாட்டின் பல்லை எண்ணிப் பார்ப்பவரையே விரும்புகின்றார். 'யன்னல் வடிவம் இந்த ஆண்டுக்குப் பொருந்தாது, இதோ அக்காலப் படம்' என்று எழுதுபவர் அவருக்கு நண்பர். 'இன்னும் முடியவில்லையா?' என்று எழுதுபவர் அவருக்குச் சுமை. இரண்டும் குறை கூறுதல் போலவே தோன்றும். ஆயின் முன்னது உண்மையின்பாற் கொண்ட அக்கறை. பின்னது தன்பாற் கொண்ட அக்கறை.

அப்படியாயின் எவ்வளவு காலமும் பொறுத்திருக்கலாமா என்று நீங்கள் வினாவலாம். இங்கேதான் உண்மையான இடர் உளது. ஆக்குபவரை விரைவுபடுத்தலாகாது, ஆனால் காலம் அவருக்காக நிற்பதில்லை. 1952 இல் முப்பது வயதினராயிருந்த கொமெற் விமானி இன்று உயிரோடிருப்பின் நூறு வயதைக் கடந்திருப்பார். பிற்கால வகையாகிய நான்காங் கொமெற், 1980 நவம்பர் வரை பயணிகளை ஏற்றிச் சென்றது; அதனைச் செலுத்தியோருள் எஞ்சியவர்களும் முதுமை எய்திவிட்டனர். கைநூலில் எழுதப்படாத எத்தனையோ செய்திகள் அவர்களிடம் உள. எந்த ஆளி இறுகிக்கொள்ளும், எந்த எஞ்சினை முதலில் இயக்குவர், மழையில் ஓடுபாதை எப்படித் தெரியும் என்பன அவர் நினைவிலன்றி வேறெங்கும் இல்லை. அவர்கள் மறைந்தால் அவையும் மறையும்.

கணினியும் அவ்வாறே நிலையற்றது. 2006 ஆம் ஆண்டுப் பதிப்புக்கென ஆக்கத் தொடங்கிய விமானம் முடிவதற்குள், 2009 இல் அச்சிமுலேற்றரை ஆக்கிய பணிமனையையே மைக்ரோசொப்ட் நிறுவனம் மூடிவிட்டது. 2020 இல் முற்றிலும் புதிய பதிப்பு வந்தது. 2024 இல் மற்றொன்று வந்தது. புதிய பதிப்புக்கேற்பப் பழைய வேலையிற் பெரும்பகுதியை மீண்டுஞ் செய்தல் வேண்டும். ஆர்வலர் ஆக்கிய விமானங்களைத் தொகுத்து வைத்திருந்த அவ்சிம் என்னும் பெருங்களஞ்சியம் 2009 மே மாதத்திற் கணினித் திருடர் கையால் அழிக்கப்பட்டது. பின்னர் அவற்றுட் பலவற்றை மீட்க முடிந்தது. ஓலைச்சுவடிகளைச் செல்லுக்கும் தீக்கும் இழந்த நம்மவருக்கு இக்கதை புதியதன்று. ஒரே இடத்தில் வைத்த செல்வம் ஒரே நாளில் அழியும். பலர் கையிற் பிரதியாக இருப்பதே பிழைக்கும்.

எனவே, காத்திருத்தலில் இருவகை உண்டு எனலாம். தெருவோரத்திற் பேருந்துக்குக் காத்திருப்பவன் செய்யத்தக்கது எதுவுமில்லை. நேரத்தைப் பார்ப்பான், முணுமுணுப்பான். விதைத்த நிலத்தருகே காத்திருக்கும் கமக்காரனோ அவ்வாறல்லன். பயிரை இழுத்து வளர்க்க அவனால் முடியாது; ஆயினும் களை பறிப்பான், வரம்பு கட்டுவான், வாய்க்காலைத் துப்புரவு செய்வான். விலையில்லா விமானத்துக்குக் காத்திருப்போருட் சிறந்தவர்கள் இவ்விரண்டாம் வகையினர். ஒருவர் நூதனசாலைக்குச் சென்று பலகையைப் படம் பிடித்து அனுப்புவார். ஒருவர் பழைய நேர அட்டவணையைத் தேடியெடுப்பார். ஒருவர் அயலிலுள்ள முதிய விமானியிடம் சென்று அவர் கூறுவதை ஒலிப்பதிவு செய்வார். மற்றொருவர் முற்றுப்பெறாத விமானத்தைப் பறந்து பார்த்துக் குறைகளை வரிசைப்படுத்தி எழுதுவார். விமானம் வெளிவரும் நாளில் இவர்கள் பெறுபவர் மட்டுமல்லர், கொடுத்தவருமாவர். அவ்விமானம் ஒருவேளை வெளிவராமலே நின்றுவிடினும் இவர்கள் சேர்த்த படமும் பதிவும் அழிவதில்லை. இன்னொருவர் பிற்காலத்தில் அவற்றிலிருந்து தொடங்கலாம்.

இத்தொண்டு தூர தேசத்தாருக்கே உரியதன்று. 1952 இற் கொமெற் வந்து இறங்கியதைப் பத்து வயதிற் கண்ட சிறுவர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அவர்களுட் சிலர் நம் வீடுகளிலே, திண்ணைச் சாய்மனைக் கதிரையிலே இருக்கக்கூடும். விமான நிலையத்திற் பணி புரிந்தவர், எரிபொருள் நிரப்பியவர், பயணியாகச் சென்றவர் ஆகியோரின் பெட்டிகளில் ஒரு படம், ஒரு பயணச்சீட்டு, ஒரு நேர அட்டவணை இன்றும் கிடக்கலாம். வெறுங் கடதாசி என்று அதனை எரித்துவிடாதீர்கள். அதன் பின்புறத்தில் ஆண்டையும் இடத்தையும் எழுதிவையுங்கள். வீட்டிலுள்ள இளைஞரிடம் அதனைப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். பெரியவரிடம் அமர்ந்து, அவ்விமானம் இறங்கும்போது எவ்வாறு இரைந்தது என்று கேளுங்கள். உலகின் எங்கோ ஒரு மூலையில் இரவு விழித்திருந்து அதனை ஆக்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த ஒரு சொல் வேண்டியதாயிருக்கலாம்.

கொடையைப் பெறக் காத்திருப்பவனுக்குப் பொறுமை அழகு. அக்கொடையின் ஒரு பங்கைத் தானே சுமக்க முன்வருவது அதனினும் அழகு.